எஞ்சின் மூடியில் காய்ந்த பறை

செஞ்சி பஸ் நிலையத்தில் டீசல் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு மாட்டுத்தோல் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. போன வாரமும் வந்தது. அன்று எங்கள் பழைய குழு கோட்டையடியில் ஆட வந்திருந்தது.

எங்கள் குழு என்றால், பல மாநில நாட்டுப்புற ஆட்டக்காரர்களைச் சேர்த்து டெல்லியில் உருவாக்கிய தேசிய நடனக் குழு. நான் கடைசி வரிசை. என் உயரம் வாங்கிக் கொடுத்த இடம். பறை அடித்தவர் சிங்கவரத்து மல்லிகா அக்கா. குழு முதல்முறை செஞ்சிக்கு வந்தபோது, சொந்த ஊர் என்று நான் அலட்டிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. மதியம் மழை பிடித்ததும் அது அடங்கிவிட்டது.

ஈரத்தில் தோல் தொய்ந்து பறை மொத்துமொத்தென்றது. நெருப்பில் காய்ச்சினால்தான் குரல் திரும்பும். கோட்டைக்குள் நெருப்பு கூடாது என்று காவலர், நாங்கள் கொளுத்தக் குவித்த வைக்கோலைக் காலால் தள்ளிவிட்டார். எங்கள் இயக்குநருக்கு அது போதும். அக்கா அடித்ததையே டெல்லியில் டேப்பில் பதிந்து வைத்திருந்தார் மனிதர். இன்று பறை பேசாவிட்டால் இனி டேப்தான், பறைக்காரர்கள் ஊரோடு இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். விருந்தினர்கள் வேறு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா பறையோடு எங்கள் பஸ்ஸுக்கு ஓடினார். பின்னாலேயே நானும்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க பாய்."

ஓட்டுநர் காதர் பாய் விழித்தார். "இன்னாத்துக்கும்மா, எங்க போவணும்?"

"எங்கியும் போவல. எஞ்சின் மூடி சுட்டா போதும்."

ஓட்டுநர் இருக்கையை ஒட்டிய அந்த மூடிமேல் அக்கா பறையைக் கவிழ்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே பாய் ஆக்சிலேட்டரை மிதித்தார். டீசலும் தோலும் கலந்த வாடை குமட்டியது. மேடையில் எங்களை அழைத்துவிட்டார்கள். இயக்குநர் டேப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அக்கா சுண்டினார்; மொத்தென்றது. பாய் இன்னும் அழுத்தி மிதித்தார். அக்கா மறுபடி சுண்டினார், கணீரென்றது. இறங்கி ஓடினோம்.

அக்கா அடித்த முதல் அடியில் இயக்குநர் விரலை எடுத்துவிட்டார். அக்கா குழுவில் இருந்தவரை டேப் பேச்சே எழவில்லை.

போன வாரமும் தூறல். பதறிப்போய் மேடைக்குப் பின்னால் போனேன். பறையை மாட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்த திண்டிவனத்துக்காரர் ஒருவரின் பறைத்தோலைச் சுண்டினேன். தொளதொளவென்று இருந்தது.

"காய்ச்சலியாப்பா?"

"இத அடிக்கப் போறதில்ல சார். பழைய ரிக்கார்டிங்கு பென்டிரைவ்ல இருக்குது."

மேடையேறினார்கள். ஒலிபெருக்கியில் மல்லிகா அக்காவின் அடி முழங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடையில் யார் குச்சியும் தோலில் படவில்லை.