பூகோளம் படித்தவர்

பெங்களூரு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது ஒரு சொல். விடிந்ததும் ஹெப்பகோடியில் எங்கள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "நீரு பந்த்தா?" ஆம்பூர்ப் பக்கம் நாங்கள் தண்ணி என்போம், நீர் பாடப்புத்தகத்தில்தான் வரும். இங்கே அந்தச் சொல் பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் நின்றது. வந்ததா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பந்தில்ல."

நான் புவியியலில் எம்.ஏ. எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து, போயே இராத வெளிநாட்டு ஊர்களின் சாலைகளைத் திரையில் திருத்துவது வேலை. புவியியல் என்றால் தலைநகரங்களை ஒப்பிப்பது என்றுதான் ஆபீசிலேயே நினைக்கிறார்கள். கீழ்வீட்டில் இருந்த எங்கள் வீட்டு ஓனர் முனியப்பா வேறு மாதிரி நினைத்தார். கோடையில் அவருடைய போர் வற்றியபோது மாடியேறி வந்தார்.

"சார், நீங்க பூகோளம் ஓதினவரு. உள்ள நீரு எங்க இருக்குன்னு சொல்லுங்க. இன்னொரு போர் போடணும்."

"நான் படிச்சது அது இல்லண்ணா."

"பூகோளம்னா பூமிதானே சார்?"

மறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். கிழக்கு மேட்டில் பெய்த மழை எந்த வழியாக இறங்கியிருக்கும், எங்கே தேங்கியிருக்கும், அந்த வழியில் இப்போது எத்தனை கட்டடங்கள் என்று கைநீட்டிக் காட்டினேன். ஒன்று எங்கே இருக்கிறது என்பது மட்டுமல்ல புவியியல், ஏன் அங்கே இருந்தது, ஏன் இப்போது இல்லை என்பதும்தான் என்றேன். இந்த நகரத்தில் என் படிப்பை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பேச்சை நிறுத்த மனம் வரவில்லை.

முனியப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "அங்க ஏரி இருந்தது சார். அந்தத் தண்ணிலதான் எங்கப்பா நெல்லு போட்டாரு. நாங்க சைட்டு பிரிச்சு வித்துட்டோம். அது போகட்டும். இப்ப எங்க இருக்கு?"

"இல்லண்ணா. போடாதீங்க. வராது."

போட்டார். லாரி வந்து நின்று பூமியைக் குடைந்தது. வெள்ளைக் கல்மாவு காயப்போட்ட துணியிலும் சோற்றிலும் படிந்தது. கடைசிவரை குழாயிலிருந்து புழுதிதான் வந்தது. ஓனரம்மா என் மனைவி கலாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"போடறதுக்கு முன்னாடியே நீங்க வராதுன்னு வாயால சொன்னீங்களாம். அதனாலதான் வரலியாம்" என்றாள் கலா.

சில நாளில் முனியப்பா வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ல ஒத்துக்கல சார். டேங்கர் தண்ணி ரெண்டு குடும்பத்துக்குப் பத்தாது."

ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்கள் வீடு பாலாற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு பிறப்பது பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையில். வகுப்பில் அதன் வழியை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கர்நாடகத்திலிருந்து அது எங்களிடம் வந்து சேராமலே போனது. நான்தான் அது கிளம்பிய பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"இங்க வந்து என்னடா பண்ணுவ?" என்றார் அண்ணன். "கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியல. குடிக்க நாங்களே கேன்தான் வாங்கறோம்."

வேறொரு வீடு பார்த்து, சாமான்களை டெம்போவில் ஏற்றினோம். முனியப்பாவும் ஒரு கை கொடுத்தார். கலாவும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். இடமில்லாமல் நான் பின்னால், கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்தேன். மெயின்ரோடு வந்ததும் டிரைவர் கேட்டார்: "ஹோசூர் சைடா, சிட்டி சைடா?" "சிட்டி" என்றாள் கலா. புது வீட்டிலும் டேங்கர்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

வண்டி நகரத்தை நோக்கி ஓடியது. என் முகம் ஓசூரைப் பார்த்திருந்தது. எதிர்ச்சாலையில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து, முதுகைக் காட்டியபடி சிறுத்துக்கொண்டே போயின.