கால் கடித்த கல்யாணமும் கடிக்காத கல்யாணமும்

ஆறு வருஷம் எங்கள் வீட்டில் ‘ஷூ’ என்ற சொல்லை யாரும் அப்பா காதுபடச் சொன்னதில்லை. அத்தான் மட்டும் விதிவிலக்கு. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அதைச் சொல்வதற்கென்றே அவர் மாதம் ஒருமுறை வந்துபோவார்.

நடந்தது இதுதான். அறுபதுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் மாப்பிள்ளையின் சூட்டும் ஷூவும் பெண் வீட்டார் பொறுப்பு. அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் வரை போய் வருகிறவர். ஒருநாள் ஆபீஸ் விட்டதும் மவுண்ட் ரோடு போய், பெரிய கடை ஒன்றில் பளபளவென்று ஒரு கறுப்பு ஷூ வாங்கி வந்தார். “ஆளைப் பார்த்தா எட்டாம் நம்பர்தான்” என்றார். சொன்ன விதத்தில் அவ்வளவு நிச்சயம்.

அத்தான் கால் ஒன்பதாம் நம்பர். கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவர் நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மத்தியான வெயிலில் மணலில் நடப்பவர் மாதிரி நடந்தார். உடன்படிக்கை சொல்லும்போது குரல் நடுங்கியது. பாவம், எவ்வளவு உருக்கம் என்று எங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்தில் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டப் பார்த்தால் கால் உள்ளே போகவே இல்லை. முந்நூறு பேர் பார்க்க, கோட்டு சூட்டோடு, வெறும் சாக்ஸ் காலோடு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார் மனுஷர்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ‘கால் கடிச்ச மாமனார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தான் விடவே மாட்டார். தாம்பரத்துக் கொசு காலில் கடித்தால்கூட, “இது மாமா வாங்கிக் கொடுத்த கொசுவா?” என்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் “ஒரு வார்த்தை அளவு கேட்டிருக்கக் கூடாதா?” என்று அம்மா ஆரம்பித்தால் மட்டும் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அப்புறம் என் முறை வந்தது. நான் சேலையூரில் டீச்சர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று பெயர். மாப்பிள்ளை பல்லாவரம், குரோம்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நிச்சயதார்த்தத்துக்குச் சூட் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, அடிமேல் அடி வைத்து வந்தார். “என்ன அடக்கமான நடைடீ!” என்று அதே அத்தை என் காதில் சொன்னாள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த நாளே அப்பா அறிவித்தார். “இந்தத் தடவை கடை ஷூ கிடையாது. அளவு எடுத்துத் தைக்கிறோம். இந்த மாப்பிள்ளைக்கும் கடிச்சுதுன்னா நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆறு வருஷக் கேலியும் மனுஷரை உள்ளே எவ்வளவு தைத்திருக்கிறது என்று. சரி, என் கல்யாணத்தில் புடவை எப்படியோ போகட்டும், ஷூ சரியாக இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு தாளில் கால் வரைந்து அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் பல்லாவரம் சந்தைப் பக்கம் இருந்த ஷூ மேஸ்திரியிடம் போனோம். கன்டோன்மென்ட் பட்டாளத்துக்காரர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற ஆள். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா சார் இது? காலா, வாழக்காயா?”

“கால்தான். மாப்பிள்ளையே வரைஞ்சது. கணக்கு வாத்தியார்” என்றார் அப்பா.

“கணக்கு வாத்தியாரா! குந்திகினு வரைஞ்சிகீறாரு சார். குந்திகினு இருந்தா கால் சுருங்கிடும். நின்னாதான் பாரம் எறங்கி அகலும். அதுவும் ஒரு காலுதான் கீது. இன்னொரு கால் எங்க?” தாளை மடித்து அப்பா சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார். “கல்யாணம் எத்தினி மணிக்கு?”

“சாயங்காலம் நாலு மணி.”

“காலையில கால் வேற, சாயங்காலம் கால் வேற. வாத்தியார் வேற, நாள் பூரா நின்னுகினே கீறவரு. வெள்ளிக்கெழம நாலு மணிக்கு அவர இட்டுகினு வாங்க. கல்யாண நேரத்துக் காலைத்தான் நான் அளப்பேன்.”

வழியெல்லாம் அப்பா புலம்பிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையைக் கடைக்கு வரவழைத்து, செருப்பைக் கழற்றி நிற்கச் சொல்வதா? சம்பந்தி என்ன நினைப்பார்? எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் நானே ஒரு இன்லண்ட் லெட்டர் எடுத்து எழுதினேன். வருங்காலக் கணவருக்கு நான் எழுதிய முதல் கடிதம். மற்ற பெண்கள் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘நீங்கள் வரைந்த அளவு தப்பு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பல்லாவரம் சந்தை அருகே ஷூ மேஸ்திரி கடைக்கு, உங்கள் இரண்டு கால்களும் தேவை.’

மூன்றாம் நாள் பதில் வந்தது, திறந்த போஸ்ட் கார்டில். ‘இரண்டும் வரும்.’ தபால்காரர் அதை நீட்டிக்கொண்டே, “இன்னா டீச்சர், எது ரெண்டும் வருது?” என்று கேட்டார். எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அந்தக் கார்டைப் பார்த்த நிமிஷம்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் அப்பாவும் அத்தானும் நானும் போய்ச் சேர்ந்தோம். “கடி பட்டவர் நீங்க, நீங்க கூட இருக்கணும் மாப்பிள்ளை” என்று அப்பாதான் அத்தானை வலியக் கூப்பிட்டிருந்தார். இவர், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், ஒரு பீரியட் பர்மிஷன் போட்டுவிட்டு, சட்டையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். மேஸ்திரி பழுப்புத் தாளை விரித்து இரண்டு காலையும் அதில் வைக்கச் சொன்னார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்தார். பாதத்தின் மேட்டைச் சுற்றி அளவு நாடா பிடித்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“எடது கால் பெருசு சார். அரை நம்பர்.”

இவர் முகம் சிவந்துவிட்டது. “தெரியும். சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். வலது காலுக்குச் சரியா இருக்கிறதை வாங்கிப்பேன். இடது கால் பொறுத்துக்கும்.”

“நிச்சயதார்த்தத்துக்குப் போட்டிருந்தீங்களே, அதுவுமா?” என்றேன்.

“அதுவும்தான். நடக்கவே முடியல.”

அட கடவுளே! அந்த அடக்கமான நடை! எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் அப்பா, “மேஸ்திரி, அப்படியே இவர் காலையும் ஒண்ணு வரைங்க. ஒன்பதாம் நம்பர்னா எப்படித்தான் இருக்கும்னு பார்க்கிறேன்” என்றார். அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். “நல்லா பெருசா வரைங்க மேஸ்திரி, மாமா கண்ணு குளிரப் பார்க்கட்டும்” என்று தாள்மேல் ஏறி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து, அதே நாலு மணிக்குப் போட்டுப் பார்க்கப் போனோம். பக்கத்துப் பம்மலில் பதனிட்ட தோல், கறுப்பு, கயிறு கட்டுகிற மாதிரி. இவர் மாட்டிக்கொண்டு கடைக்கும் தெருவிளக்குக் கம்பத்துக்கும் நடந்து காட்டினார்.

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அப்பாவிடம்.

அப்பா பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. அந்த நடை எனக்குத் தெரியும். அதே தலைகுனிவு, அதே அடிமேல் அடி.

“பொய் சொல்லாதீங்க” என்றேன். சந்தை நடுவில், கல்யாணத்துக்கு முன்னால், அத்தனை பேர் எதிரில். “எங்க வீட்ல ஒருத்தர் மரியாதைக்கு வாயை மூடிக்கிட்டதுல எங்கப்பா ஆறு வருஷமா பேச்சு வாங்கறார். எங்க கடிக்குது, சொல்லுங்க.”

அத்தான் திடீரென்று இருமினார். இவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “இடது சுண்டுவிரல்... கொஞ்சம்.”

“வாயத் தொறந்து சொன்னாதானே சார் தெரியும்? தோலுக்கா வாய் கீது?” மேஸ்திரி ஷூவை வாங்கி, அந்த விரல் படும் இடத்தில் குமிழ் வைத்த மரக்கட்டையைச் செருகினார். “ரெண்டு நாள் இப்படியே கெடக்கட்டும், தோல் விட்டுக்குடுக்கும்.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடிக்கிறது என்று ஒரு மருமகன் சொல்லிக் கேட்பதில் ஒரு மனுஷருக்கு இவ்வளவு சந்தோஷமா? வழிநெடுக, “சொன்னார் பார்த்தியா, வாயைத் திறந்து சொல்லிட்டார்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தான் மட்டும் ரயிலில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாண நாள். மூன்று மணிக்கு நான் தலையில் முக்காட்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அப்பா குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு அட்டைப் பெட்டி. அத்தான் முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே இன்னொரு ஜோடி. அதே பம்மல் தோல், ஒன்பதாம் நம்பர்.

“அன்னைக்கே கொடுத்திருக்க வேண்டியது. போட்டுப் பாருங்க மாப்பிள்ளை” என்றார் அப்பா.

அத்தான் மாட்டினார். எழுந்து கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பி வந்து அப்பா எதிரில் நின்றார். ஏதாவது கேலி வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

“மாமா, அன்னைக்கு நீங்க அளவு கேட்டு எனக்கு கார்டு போட்டீங்க. நான்தான் ‘உங்க இஷ்டம்’னு பதில் எழுதினேன். கடையில போட்டுப் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டதுக்கும் வரல. தப்பு என்னுது.”

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷம் அம்மா கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் கார்டை எடுத்துக் காட்டியிருந்தால் போதும், அப்பாவின் மானம் தப்பியிருக்கும்.

“அந்தக் கார்டு என் பெட்டியிலதான் இருக்கு” என்றார் அப்பா. “வீட்டு மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? அதை விடுங்க. இப்ப கடிக்குதா, கடிக்கலையா?”

“கடிக்கல மாமா” என்றார் அத்தான். குரல் நடுங்கியது. இந்த முறை நடுங்கியது ஷூவால் அல்ல.

நாலு மணிக்கு இவர் கோயிலுக்குள் நிமிர்ந்து நடந்து வந்தார், என்னை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “அன்னைக்கு அவ்வளவு அடக்கமா இருந்தாரே!” என்று அத்தை முணுமுணுத்தாளாம். கோயில் வாசலில் எடுத்த போட்டோ இப்போதும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. நானும் இவரும், அக்காவும் அத்தானும், அம்மாவும் நேராக கேமராவைப் பார்க்கிறோம். ஓரத்தில் நிற்கும் அப்பா மட்டும் குனிந்து, மருமகன்கள் இருவரின் நான்கு ஷூக்களையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.