மாதிரிக் கட்டை

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் 'அரைநூல்' என்று பெயர். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அதில் அரை நூல் பிசகினாலும் மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இருபது வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் மரச்சட்டம் நிறுத்திக் கூரை ஏற்றியவர். நாங்கள் இருப்பதோ வாடகை அறையில். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். அதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சொந்த வீட்டுக்குச் சுவர்ச் சட்டங்கள் நின்றுவிட்டன, கூரைதான் பாக்கி.

கூரைக்கு இருபத்துநான்கு கைமரம், எல்லாம் ஒரே நீளம். சுவரிலிருந்து சாய்வாக ஏறி, உச்சியில் முகட்டு மரத்தில் முட்டி நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒன்றை அறுத்து, மேலே வைத்துப் பார்த்து, 'மாதிரி' என்று பென்சிலால் எழுதினார். மற்றதெல்லாம் அதை வைத்தே கோடு போட வேண்டும். "மாதிரியை விட்டா மானம் போச்சு" என்று எல்லோரிடமும் தினம் கத்துகிறவர் அவர்தான். அதை வைத்து இன்னொன்றும் அறுத்தார்.

சாயங்காலம் நான் போனேன். என் வாய் சும்மா இருந்ததா?

"ஒண்ணையாவது ஏத்திக் காட்டுங்களேன். நம்ம கூரைன்னு கண்ணால பாக்கணும்."

சிரித்துக்கொண்டே கைக்கு வந்த ஒன்றைத் தூக்கி, ஏணி ஏறி, நிறுத்தி ஆணி அடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன் முழுக்க அவர் கோடு போட, என் தம்பி அறுத்தான். வியாழக்கிழமை ஏற்றினார்கள். முதல் நாலைந்து ஒழுங்காக உட்கார்ந்தன. அப்புறம் சுத்தியலால் அடித்துத் திணிக்க வேண்டியிருந்தது. கடைசியில் முகட்டு மரமே அதைத் தாங்கிய முட்டுக்காலை விட்டு எழும்பிவிட்டது.

"கோட்டுக்கு வெளியே ஏன்டா அறுத்த? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"நீங்க போட்ட கோட்டுலதான் மச்சான் அறுத்தேன், சத்தியமா."

தம்பி கடைசிக் கைமரத்தை அளந்தான். ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கூடுதல்.

"மாதிரி எங்க மச்சான்?"

மரக்குவியலைப் புரட்டினோம். நான்தான் அண்ணாந்து பார்த்தேன். நான் ஆசைப்பட்டு ஏற்றச் சொன்ன முதல் மரத்தில், அவர் கையெழுத்தில், 'மாதிரி'.

புதன்கிழமை அவர் மாதிரியை விட்டுவிட்டு, தம்பி அறுத்துக் கொடுத்ததை வைத்தே அடுத்ததற்குக் கோடு போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் பருமன் கூடியிருக்கிறது, அரை அரை நூலாக. அரைநூலுக்கா இந்தக் கதி! அவர் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"திட்டியாவது தொலைங்களேன், என்னாலதானே."

"உன்ன எதுக்குத் திட்டணும்? ஆணி அடிச்சது நான். நீளந்தானே, அறுத்துக்கலாம். குட்டையாப் போயிருந்தா மரமும் போயிருக்கும்."

"ஞாயித்துக்கிழமை?"

"தார்ப்பாய்தான்."

தம்பியின் தோளைத் தட்டிவிட்டு ஏணியில் ஏறினார். இருபத்துநான்கில் கொஞ்சமும் அளவு பிசகாதது அந்த முதல் மரம் ஒன்றுதான். மற்றதைத் திருத்த அதுவே வேண்டும், அதனால் முதலில் அதைத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கீழ்முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா பாத்துக்கிட்டியா உன் கூரைய?" என்று கேட்டுவிட்டு ஆணியை இழுத்தார்.