இடி வாங்கிய பவர் சப்ளை

வேலை போன பிறகு வீட்டிலிருந்து செய்யும் மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. அதற்காகப் புதுக் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறேன். பழையதிலிருந்த பவர் சப்ளையையே இதிலும் மாட்டலாமா என்று கேட்க, அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இன்று ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் காதர் திருப்பிப் பார்த்தார்.

"வாட் அளவு போதும்ண்ணே. எத்தன வருசம்?"

"ஒன்பது. முந்தி லகாட்ல குடியிருந்த வீட்டுல இடி விழுந்து டிவி, மோடம் எல்லாம் போச்சு. இதுக்கு மட்டும் ஒன்னும் ஆகல," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் அதை மேசையில் வைத்துவிட்டார்.

"உள்ள அடி வாங்கியிருக்கும்ண்ணே, வெளிய தெரியாது. அது போகும்போது புது மதர்போர்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். வேணாம்லா."

புதியதையே வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து மைத்துனர் போனில் கூப்பிட்டார். பத்து காஜாவில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், எல்லார் காதிலும் விழும்படி, "மச்சான் இப்ப வீட்டுல சும்மாதான் இருக்காரு" என்று அறிவித்தவர். புதிது வாங்கியதைச் சொன்னேன்.

"பழச தூக்கிப் போட்டுறாதீங்க மச்சான். என் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிறேன். நாளைக்கி வாரேன்."

"வாங்க," என்றேன். இடி விழுந்த கதையைச் சொல்லவில்லை.

மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது. இதோ, எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். அவரும் என் முகநூல் பக்கத்தில் இருக்கிறார். நான் எழுதுவது நீளம் என்று படிப்பதில்லை.

நேரில் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள். அதையும் அவர் படிக்க மாட்டார்.