எங்கள் கிளப்புக்கு ஏன் பணம் வரவில்லை?

போன சனிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுக்கிற பரமேஸ் அக்கா சர்வீஸ் போடக் கையைத் தூக்கிய நேரத்தில், கூரையிலிருந்து ஒரு மரச்சட்டம் கோர்ட்டின் நடுவில் விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. கரையான் தின்று முடித்த சட்டம். விழுந்த வேகத்தில் மாவாகச் சிதறியது.

பதினான்கு பெண்பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அக்கா துடைப்பம் எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு, கோர்ட்டின் மறுபாதியில் ஆட்டத்தைத் தொடர்ந்தார். வேறென்ன செய்வது?

பினாங்கு மாநிலத்தில் சுங்கை பாக்காப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் விளையாட்டுக்கென்று இருப்பது இந்த ஒரு கட்டடம்தான். பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே ஒரு பூப்பந்து கோர்ட், ஓரத்தில் கேரம் மேசை. இனி ரிப்பேர் செய்து பயனில்லை, இடித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று பார்க்க வந்த எஞ்சினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். வருடக் கடைசியில் பூட்டியே ஆக வேண்டுமாம்.

பூட்டினால் பையன்கள் திடலுக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள்? அவர்களுடைய அம்மாக்கள் அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டார்கள் — நாலு சுவருக்குள் ஆடினால் ஆடட்டும், ரோட்டோரம் ஆட அனுப்ப மாட்டோம். தீவில், பாயான் பாருவில் ஃபேக்டரி வேலை முடிந்து, பாலம் தாண்டி வந்து சொல்லிக்கொடுக்கிறார் அக்கா. ஐந்து வருட உழைப்பு. ஒரு பூட்டு போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சரி, புதிதாகக் கட்டப் பணம்? பொது விளையாட்டுக் கட்டடங்களுக்கு அரசாங்க மானியம் இருக்கிறது. மூன்று வருடமாக விண்ணப்பிக்கிறோம். மூன்று முறையும் இல்லை என்றே பதில்.

ஏன் இல்லை? எனக்குச் சந்தேகம் வந்தது.

கமிட்டித் தலைவர் செல்வம் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். பட்டர்வொர்த்தில் இருக்கிற அலுவலகத்துக்கு எப்போதும் தனியாகத்தான் போவார். நானும் வரட்டுமா என்று கேட்டால், "நீ ஒன் வேலையப் பாரும்மா" என்பார். பதில் கடிதம் அவர் வீட்டு முகவரிக்கு வரும். என்ன எழுதியிருக்கிறது? "இல்லன்னு போட்டிருக்கான் லா, வேற என்னா?" கடிதத்தைக் கண்ணில் காட்ட மாட்டார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஒரு கும்பிடு பொம்மை வரும். அவ்வளவுதான்.

அவருடைய மைத்துனர் கான்ட்ராக்டர் வேறு. இரண்டு பேரும் டீ குடிக்கிற ஒட்டுக்கடையில் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் போனதும் பேச்சு நின்றது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதைத்தான் நானும் நினைத்தேன். பரமேஸ் அக்காவிடமும் சொன்னேன். அக்கா நம்பவில்லை. மறுக்கவும் இல்லை.

சட்டம் விழுந்ததோடு என் பொறுமையும் விழுந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வேலைக்காக நான் தங்கியிருக்கிற ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா?

அலுவலகத்துக்குள் நுழைந்தால்... கவுன்டரில் அண்ணன். சட்டம் விழுந்ததும் அவரும் கிளம்பி வந்திருக்கிறார். சட்டை நனைய வியர்த்து, ஓர் அதிகாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்:

"இத எழுதுன பொண்ணு யூனிவர்சிட்டி முடிச்ச பொண்ணு. அது எழுதுனா தப்பு இருக்காது. நீங்கதான் சரியாப் படிக்கல."

அந்த அதிகாரி அம்மாவுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. வருடா வருடம் இந்த அண்ணன் வந்து இதையேதான் சொல்கிறார் என்றார். பிறகு பொறுமையாக ஃபைலை என் பக்கம் திருப்பினார்.

அது நான் நிரப்பிய படிவம். 'கட்டடத்தின் பெயர்' என்ற கட்டத்தில் நானே டைப் செய்திருந்தேன் — கெலாப். மலாயில் கிளப்.

கிளப் என்றால் தனியார் சங்கம்தானே, உறுப்பினர்களுக்கு மட்டும்தானே, அதற்குப் பொதுப் பணத்தை எப்படித் தருவது என்று அவர் கேட்டார். மூன்று கடிதங்களிலும் அதே காரணம்.

எங்கள் ஊரில் அந்தக் கட்டடத்துக்கு 'கிளப்பு' என்றுதான் பெயர். தோட்டத்தில் முதலாளிமார்களுக்கு ஒரு கிளப் இருந்த காலத்தில், அதன் படியைக்கூட மிதிக்க முடியாத நம் ஆட்கள் நாலு பலகையை அடித்து ஒரு கொட்டகை போட்டார்கள். 'இது நம்ம கிளப்பு லா' என்று கேலியாகச் சொன்னார்கள். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அதை அரசாங்கப் படிவத்தில் ஏற்றியது யார்? நான்தான். அடுத்த இரண்டு வருடமும் பழைய ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றியதும் நான்தான்.

எங்கள் வீட்டில் கைரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. இன்றைக்கும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கவுன்டரில் என் காது சூடாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணே கடிதத்தை என்கிட்ட காட்டல?"

"காட்டி? நீ எழுதுனதுல தப்புன்னு போட்டிருக்கான். ஒங்கப்பா ஊர் பூரா என் மக எழுதுனா மறுபேச்சு கெடையாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அவரு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"அதுக்காக மூணு வருசமா?"

"அவனுங்கதான் தப்புன்னு நெனச்சேம்மா. நீ படிச்ச புள்ள."

மைத்துனரோடு என்ன பேச்சு என்றும் கேட்டுவிட்டேன். கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. கூரையைத் தாங்க இரண்டு முட்டு இலவசமாகக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாராம். மைத்துனர் இன்னும் பிடிகொடுக்கவில்லையாம். இதை முழுதாக நம்பலாமா என்று ஒரு மனம் கேட்டது... முட்டு வரட்டும், பார்க்கலாம்.

ஒன்று மட்டும் புரிந்தது. நம் ஊர்களில் படிக்காத மனிதர் வாயைத் திறக்காவிட்டால் 'எதையோ மறைக்கிறார்' என்கிறோம். படித்தவள் தப்பாக எழுதினால், எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் போய்விட்டது.

இந்த வருட விண்ணப்பத்துக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. கிடைத்துவிடும் என்று அந்த அம்மா சொல்லவில்லை. படிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

புதுப் படிவத்தில் 'டேவான்' என்று எழுதினேன். பொது மண்டபம். நேற்று கையெழுத்துக்காக அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வழக்கமாகப் பேனாவை வாங்கியதும் போட்டுவிடுகிறவர், நேற்று கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்தார். இது என்னா, அது என்னா? 'டேவான்' வந்ததும் நிறுத்தினார். "நல்லாத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் மகளுக்குப் போன் போட்டு அதே சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.

நல்லது அண்ணே... பதினான்கு பிள்ளைகளுக்காக என்னை இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.