மரத்தடியில் நின்ற ஜீப்

ஊழல் தடுப்பு அலுவலகத்தில் அந்த டிரைவருக்கு "நிழல்" என்று பெயர். ஜீப்பை எங்கே ஓட்டிப் போனாலும் ஒரு மரத்தடியைக் கண்டுபிடித்துத்தான் நிறுத்துவார். சீட் சுட்டால் அதிகாரி எரிந்து விழுவார், அவர் வாயில் யார் விழுவது?

புகார் கொடுப்பவரின் பெயர் வெளியே கசியக் கூடாது என்பது சட்டம். அதனால் விசாரணைக்குப் போனால் ஜீப்பைத் தெருமுனைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு, அதிகாரி நடந்துதான் போவார். அன்றைக்கென்று வெயில் மண்டையைப் பிளந்தது. முனையில் ஒரு செடிகூட இல்லை. அதிகாரி போனதும் நம்மாள் வண்டியை மெல்ல நகர்த்தி, விசாரணை நடக்கிற வீட்டு வாசல் மரத்தடியிலேயே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் காப்பாளர். காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டுகிறார்கள் என்று மேலதிகாரிகள்மேல் புகார் கொடுத்தவர். எதிர்வீட்டில் அதே ஆஸ்பத்திரியின் குமாஸ்தா குடியிருந்தார். அவர் வந்து ஜீப்பில் எழுதியிருந்த அலுவலகப் பெயரை வாசித்தார், டிரைவரைத் தட்டி எழுப்பி யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். டிரைவர் முழித்த முழியே போதுமாக இருந்தது. அந்த வாரமே காப்பாளர்மேல் திருட்டுப் பழி சுமத்தி வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

டிரைவர் மூச்சு விடவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள், வேலை போனால் நடுத்தெருதான். ஒருநாள் பின்சீட்டிலிருந்து அதிகாரி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"பேரை வெளிய சொன்னது அவரோட சம்சாரமாம். அக்காகிட்ட உளறிட்டேன்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நம்ம மேல தப்பில்ல."

அலுவலகத்திலிருந்து கசிந்தது என்றால் காப்பாளருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். வீட்டிலிருந்து கசிந்தது என்றால் சட்டம் கையை விரித்துவிடும். மறுநாள் டிரைவர் பஸ் பிடித்து அந்த வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது காப்பாளரின் மனைவி. டிரைவர் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை, முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"உள்ள வாங்கண்ணா. அவர்கிட்ட சொல்லுங்க."

உள்ளேயும் சொன்னார். தன் தப்பால்தான் பெயர் வெளியே போனது என்று கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்து நின்றார். காப்பாளர் அவரைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசாத மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீ ஏன் ஒத்துக்கிட்டே?"

"உங்க தம்பி, எங்க அக்கா, பக்கத்து வீடுன்னு ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டீங்க. கண்ணு மூடலை நீங்க. யாராவது ஒத்துக்கிட்டா தூங்குவீங்கன்னு நினைச்சேன்."

"தூங்கினேன்" என்றார் காப்பாளர். "நல்லாத் தூங்கினேன்." அதற்குமேல் பேச முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டிரைவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரால் அங்கிருந்து கிளம்ப முடிந்திருக்கும்.