பேர் தெரிஞ்சா சாமான்

அந்த ஹார்டுவேர் கடையில் கல்லாவில் இருக்கும் கடைக்காரர் சாமானின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். பரணில் இருக்கும் மைத்துனன் அதை எடுத்துக் கீழே வீசுவான். பெயர் தெரியாமல் வந்து கையை ஆட்டும் ஆட்களைக் கடைக்காரர் சும்மா விட்டதில்லை. "பேர் தெரிஞ்சா சாமான், இல்லன்னா நடையைக் கட்டு" என்று எல்லோர் முன்னாலும் விரட்டுவார்.

அன்று ஒரு பெண் வந்து, குழாய் மூட்டில் தண்ணீர் கசிகிறது என்றாள். என்ன வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்தது. அதன் வெண்மை, அது விரலில் வழுக்குவது, எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. போன வாரம் டாக்டர் சொன்னது இதைத்தான்: "பொருள் உங்க மூளையில பத்திரமா இருக்கு. அதுலேர்ந்து பேருக்குப் போற வழிதான் தேஞ்சுக்கிட்டு வருது. போகப்போக இன்னும் தேயும்." அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"மாப்ள, அந்த... வெள்ளையா, மரையில சுத்துவோமே..."

பரணிலிருந்து சிரிப்பு வந்தது. "மாமா, பேர் தெரிஞ்சா சாமான், இல்லன்னா நடையைக் கட்டு!"

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் கொதித்தது. தான் விரட்டியவர்களும் இப்படித்தானே நின்றிருப்பார்கள். எரிந்து விழுந்து தப்பித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"விளையாட்டு இல்ல மாப்ள. எனக்குப் பேரு வர மாட்டேங்குது. இனிமே வராதாம்."

சிரிப்பு நின்றது. மைத்துனன் எதையும் வீசவில்லை. டெஃப்லான் டேப்பைக் கையில் பிடித்தபடி ஏணியில் இறங்கி வந்தான். அவர் அதை வாங்கி, தலை நிமிராமலே அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.